வல்சம்மாவின் இடது கை

மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்த புதன்கிழமை காலையில் வல்சம்மா தன் இடது கையை மாமியார் ஏலியாம்மாவின் நெற்றியில் விட்டுவிட்டு மத்தி மீன் வாங்கப் போனாள். கை மணிக்கட்டோடு கழன்றிருந்தது. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் தாரிலிருந்து வருகிற மாதிரி வந்துவிட்டது என்று அவளே பிறகு சொன்னாள். அன்று மத்தி விலை இறங்கியிருந்ததால் படகுத்துறையில் கூட்டம். பையை விரித்துப் பிடிக்க இன்னொரு கை இல்லாமல் பையின் ஒரு காதைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றாள். தராசைக் கவிழ்க்கப் போன மீன்காரன் சசி அதைப் பார்த்து நிறுத்தினான்.

"இன்னொரு கை எங்க சேச்சி?"

"அம்மச்சிகிட்ட விட்டுட்டு வந்தேன்."

"அதுவும் நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு அவனே பையைப் பிடித்து மீனைக் கொட்டினான். எங்கள் புத்தன்கரியில் இந்தச் செய்திக்குக் கிடைத்த வரவேற்பு ஏறக்குறைய இவ்வளவுதான். குட்டநாட்டில் எங்கள் வயல்கள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. கால்வாயில் போகிற படகு தலைக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டே களை பறிக்கிறவர்கள் நாங்கள். ஒரு கை கழன்றதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது.

காரணம் வேண்டும் என்றால் எங்கள் வழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் ஆட்களிடையே வீடு கடைசி மகனுக்கு. வீட்டோடு சேர்ந்து தாய் தகப்பனும் அவனுக்கே. மூத்தவர்கள் படிப்பையும் பயணச்சீட்டையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஏலியாம்மாவின் மூத்த மகன் மத்தாயி அமெரிக்காவுக்குப் போனான், நடு மகள் ரோஸிலி நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போனாள், கடைக்குட்டி சாக்கோச்சனுக்கு வீடு கிடைத்தது. வீடு சாக்கோச்சனுக்கு, தாய் சாக்கோச்சனின் பெண்டாட்டிக்கு என்பதை மட்டும் வழக்கம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பெண்டாட்டிதான் வல்சம்மா. ஏலியாம்மாவுக்கு வாதம் வந்து இடப்பக்கம் முழுக்க விழுந்தபோது சாக்கோச்சன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். தங்கமான மனுஷன். ஆனால் டயபர் நாற்றம் அவன் மூக்குக்கு ஆகாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அதன் பிறகு வயலில் அவனுக்கு எப்போதும் வேலை இருந்தது.

அம்மச்சியின் இடது கை மார்போடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, பிறகு ஒருநாளும் விரியவில்லை. நகம் சதையைக் கிழிக்காமல் இருக்க வல்சம்மா அந்தக் கையை மெல்லிய துணியால் சுற்றி மார்போடு சேர்த்துக் கட்டி வைத்தாள். அடுத்த வருஷம் நினைவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகத் தொடங்கியது. போகிற நினைவு சும்மா போகாமல் ஒரு பயத்தை விட்டுவிட்டுப் போனது. நெற்றியில் ஒரு உள்ளங்கை இல்லாவிட்டால் அம்மச்சி கத்துவாள். அக்கரைவரை கேட்கும். மகன் கை வைத்தான், பேத்தி டின்சி வைத்தாள், பார்க்க வந்த கன்னியாஸ்திரி ஜெபமாலையோடு வைத்தாள், எதுவும் எடுபடவில்லை. வல்சம்மாவின் இடது கைதான் வேண்டும். அவளுடைய வலது கையை வைத்தால்கூட கிழவி கண்டுபிடித்துக் கத்தினாள். இதற்கு நடுவில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். கஞ்சியைப் புரையேறாமல் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். மூத்திரத் துணி, மாத்திரை, நாக்கு துடைப்பது, கரண்ட் போனால் இறங்கிவிடுகிற காற்று மெத்தை. எல்லாமே இரண்டு கை வேலை, ஒரு கையோ எப்போதும் நெற்றியில். மூன்று வருஷம் இந்தக் கணக்கு சரிவராமலே ஓடியது. நான்காம் வருஷம் கையே ஒரு முடிவுக்கு வந்தது.

சங்கனாச்சேரி டாக்டர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பங்குச் சாமியார் வர்க்கீஸ் அச்சன், சிலுவை போட வலது கை இருக்கிறது அல்லவா, அப்படியானால் திருச்சபைக்கு ஆட்சேபம் இல்லை என்றார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் அறிவுரையும் கொண்டுவருவது வழக்கம், அவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பார்த்து, "எவ்வளவு பொறுமை, பாருங்க. சொர்க்கத்துல இடம் நிச்சயம்," என்றார்கள். மிச்சமிருந்த வல்சம்மா அடுப்படியில் ஒற்றைக் கையால் அவர்களுக்கு டீ கலக்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை.

முதல் சில மாதங்கள் அம்மச்சி அயர்ந்து உறங்கும்போது கையை எடுத்து மாட்டிக்கொள்ள முடிந்தது. ஞாயிறு பூசைக்கு அப்படித்தான் இரண்டு கையோடு போனாள். பிறகு கை வர மறுத்தது. இழுத்தால் விரல்களை நெற்றியில் பதித்துக்கொண்டு கிடந்தது. ஆனால் அதன் உணர்ச்சி மட்டும் வல்சம்மாவை விட்டுப் போகவில்லை. அரிசி களையும்போதும், வயலுக்குச் சோறு கொண்டுபோகும்போதும் இல்லாத உள்ளங்கையில் அம்மச்சியின் நெற்றி இருந்தது. சூடு ஏறினால் தெரியும், வியர்த்தால் தெரியும், புருவம் சுருங்கினால் தெரியும். அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று ஊர் நினைத்தது. உண்மையில் அவள் போகிற இடமெல்லாம் அந்தக் கட்டிலும் கூடவே வந்தது.

இதில் அவளுக்கு மனம் கசந்துபோன விஷயம் வேறு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏலியாம்மா அவளை "எடியே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கை தனியானதும் கிழவி அதனோடு பேச ஆரம்பித்தாள். "மோளே" என்றாள். மகளே, என் பொன்னே என்று கொஞ்சினாள். தன் நல்ல கையால் அதைத் தடவிக் கொடுத்தாள். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிற வல்சம்மாவைப் பார்த்து அந்தக் கையிடமே கோள் சொல்வாள்.

"மோளே, இந்தப் பொம்பளைய உள்ள விடாத. இவதான் என் சங்கிலியத் திருடினவ."

"சங்கிலி உங்க கழுத்துலதான் கெடக்கு அம்மச்சி. வாயத் தொறங்க."

"பாத்தியா மோளே, கள்ளி எப்பிடிப் பேசுறான்னு."

கை சமாதானமாக நெற்றியை வருடும். சொந்தக் கைமேல் ஒருத்திக்குப் பொறாமை வருமா என்று கேட்டால், வரும்.

ரோஸிலி ஜெர்மனியிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். போனைத் தலையணையில் சாய்த்து வைத்தால் அவளுக்குத் தாயின் முகமும் நெற்றியில் ஒரு கையும் தெரியும். வல்சம்மா பக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள். "காலுக்குத் தலையணை வெச்சியா? புரதம் குடுக்குறியா? கைய மட்டும் எடுத்துராத வல்சம்மா," என்பாள். அடுப்படியிலிருந்து வல்சம்மா, "எடுக்கல சேச்சி," என்று குரல் கொடுப்பாள். கை தனியே கிடக்கிற கதையைப் போனில் யார் விளக்கிக்கொண்டிருப்பது? ஒருமுறை ரோஸிலி, கைக்குப் பதிலாக நெற்றியில் வைக்கச் சொல்லி, கரண்டில் சூடாகிற கையுறை ஒன்று அனுப்பினாள். அம்மச்சி அதை எச்சில் கோப்பைக்குள் போட்டாள். இடுக்கியிலிருந்து ஒரு ஹோம் நர்ஸைக் கொண்டுவந்தார்கள். பவுடரை அதிகமாகக் கொட்டினாள் என்று கை அவளை அறைந்துவிட்டது, அவள் அன்று மாலைப் படகிலேயே திரும்பிப் போனாள். பெருவெள்ளம் வந்த வருஷம் அம்மச்சியை நாற்காலியோடு கட்டி வள்ளத்தில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மழையில் எல்லோரும் நனைந்தார்கள். அம்மச்சியின் கண்ணில் மட்டும் தண்ணீர் விழாமல் கை புருவத்துக்கு மேலே கூரை பிடித்துக்கொண்டே வந்தது.

அப்படியே போயிருக்கும், டின்சி உண்டாகாமல் இருந்திருந்தால். தொடுபுழையில் கட்டிக் கொடுத்த ஒரே மகள். ஏழாம் மாதம் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, மூலிகை இலை போட்டுக் காய்ச்சிய வேது தண்ணீர் ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டி எடுப்பது தாயின் வேலை. வல்சம்மா டின்சியைப் பெற்றபோது அவளுக்குத் தாய் இல்லை. அன்று அவளைக் குளிப்பாட்டியது ஏலியாம்மாதான். ஏச்சையும் எண்ணெயையும் சேர்த்தே தேய்த்தாள். ஆனால் அந்த இரண்டு கைகளின் பலத்தை வல்சம்மாவின் இடுப்பு இன்றைக்கும் மறக்கவில்லை. ஆகவே மகளுக்கு இரண்டு கையாலும் செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசையாக இருந்தது. போனில் வாக்கும் கொடுத்துவிட்டாள். கட்டிலருகே முழங்காலிட்டுத் தன் கையையே கெஞ்சினாள். தேங்காயெண்ணெய் பூசி வழுக்க வைத்துப் பார்த்தாள். கை அசையவில்லை. அம்மச்சிதான், "இந்தக் கள்ளிய அடிச்சு வெரட்டு மோளே," என்றாள்.

டின்சிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் வல்சம்மா காலை நீட்டி உட்கார்ந்து பேரனை முழங்காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். எண்ணெய் வழுக்கியது. ஒற்றைக் கை தண்ணீர் மொள்ளப் போன நேரத்தில் பிள்ளை புரண்டு அண்டாவின் ஓரத்தில் தலை இடித்தது. அடி ஒன்றும் பெரிதில்லை, புளியங்கொட்டை அளவுக்கு வீங்கி அடங்கிவிட்டது. ஆனால் டின்சி பிள்ளையைப் பறித்துக்கொண்டாள்.

"ஒரு கை அம்மச்சிக்கு, ஒரு கை எனக்குன்னு பங்கு வெச்சியாம்மா? எனக்குக் குடுத்த கை என் பிள்ளையத் தாங்கலையே."

"அவங்களுக்கு வேற யாரு இருக்கா டின்சி."

"எனக்கு யாரு இருக்கா?"

அந்த வாரமே டின்சியின் மாமியார் அக்கரைவரை காரில் வந்து, படகேறி, தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போனாள். நாற்பது நாள் முடியாமல் பிரசவித்த மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பியது எங்கள் கரையில் அதுவே முதல் தடவை. படகு வளைவில் திரும்பி மறையும் வரை வல்சம்மா துறையில் நின்றாள். பிறகு வீட்டுக்கு வந்து கட்டிலருகே குனிந்து, பாத்திரம் கழுவப் போகிறேன் என்று சொல்வதுபோல, "போயிருங்க அம்மச்சி. போதும்," என்றாள். அம்மச்சிக்குக் கேட்டதோ என்னவோ. கைக்குக் கேட்டது, வருடிக்கொண்டிருந்தது ஒரு நிமிஷம் நின்று, பிறகு மறுபடி வருடியது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். வர்க்கீஸ் அச்சன் பெருமூச்சு விட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் முழங்காலிடுகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள் என்று சொல்லி, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார்.

நோன்புக் காலத்தில் ஒரு நண்பகல் வல்சம்மா படகுத்துறையில் மீனுக்கு நின்றுகொண்டிருந்தபோது இல்லாத உள்ளங்கையில் நெற்றி குளிர்ந்தது. புருவம் தளர்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடவில்லை. முதலில் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி வந்தது, அதைப் பார்த்துத் தன்மேலேயே அருவருப்பு வந்தது, இரண்டும் முடிந்த பிறகுதான் அழுகை வந்தது. "அம்மச்சி போயிட்டாங்க சசி," என்றாள். சசி தராசைக் கீழே வைத்துவிட்டுக் கோயில் மணியடிக்க ஆள் அனுப்பினான்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை அம்மச்சியை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். கை கூடவே உள்ளே இருந்தது; எடுக்கப் பார்த்தும் வரவில்லை. அடக்கம் முடியும்போது வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தக் குளிரில் வல்சம்மாவுக்கு இடது தோள்வரை விறைத்துப் போயிற்று. ரோஸிலியும் மத்தாயியும் வந்து இறங்கிய காலையில் அவள் நெல் பத்தாயத்தின் மேல் சாய்ந்தவள் அப்படியே உறங்கிவிட்டாள். ஏழு வருஷத்தில் அவள் உறங்கிய முதல் உறக்கம் அது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்தி, பாவம் கிடக்கட்டும் என்று காவல் இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் அந்தத் தவறு நடந்தது.

சவத்துக்கு வெள்ளைச் சட்டையும் விசிறி மடிப்பு வைத்த முண்டும் உடுத்தி, கைகளுக்கு வெள்ளைக் கையுறை மாட்டி, அவற்றைக் கூப்பி நடுவில் சிலுவை வைத்து, தலையில் பூமுடி சூட்டுவது எங்கள் முறை. ரோஸிலி எல்லோரையும் அறைக்கு வெளியே அனுப்பினாள். எத்தனையோ அந்நியப் பிணங்களைக் குளிப்பாட்டிய நான் என் தாய்க்கு வேறு யாரையும் செய்ய விடமாட்டேன் என்றாள். அழுதுகொண்டே செய்தாள், அதில் பொய் இல்லை. மார்போடு கட்டியிருந்த துணியை ஏதோ புண்ணுக்குப் போட்ட கட்டு என்று நினைத்து, பிரிக்காமல் அதன்மேலேயே சட்டையை மாட்டினாள். இடது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. நெற்றியில் மெத்தென்று ஒரு இடது கை இருந்தது. அதை இறக்கிச் சட்டைக்கையின் முனையில் சேர்த்தாள். அது எதிர்க்கவில்லை, இவை மகளின் விரல்கள் என்று தெரிந்ததோ என்னவோ. ரோஸிலி அதற்கு முத்தம் கொடுத்து, கையுறை மாட்டி, சிலுவையைக் கொடுத்தாள். பத்து வருஷம் தாயைத் தொடாதவளுக்குத் தாயின் கை எது என்று எப்படித் தெரியும்?

வல்சம்மாவை எழுப்பியபோது முற்றத்தில் பெட்டி தயாராக இருந்தது, வீடியோக்காரன் ஏணிமேல் நின்றான். அவள் நெற்றியைப் பார்த்தாள். அங்கே பூமுடிதான் இருந்தது. கையைக் கழற்றிப் பத்திரமாக எங்கோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து மனம் லேசானாள். கடைசி முத்தம் கொடுத்தாள், நடந்தாள், மண் அள்ளிப் போட்டாள். குடும்பக் கல்லறையின் பலகையை மூடிச் சிமெண்ட் பூசியபோது அவளுடைய இடது கையில் இருட்டு விழுந்தது. கைக்கும் இருட்டு தெரியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"என் கை உள்ள இருக்கு," என்றாள்.

"இப்ப அதப் பேசணுமா வல்சம்மா," என்றான் மத்தாயி. வெயிலில் நின்று களைத்திருந்தான். சாக்கோச்சன் அவளைத் தோளோடு அணைத்து வீட்டுக்கு நடத்திப்போனான்.

சாப்பாடு ஓய்ந்த பிறகு ரோஸிலியிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

"ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு வல்சம்மா. அம்மச்சி கைதான்னு நெனச்சு முத்தம் குடுத்தேன்."

"தெரியும் சேச்சி. ஒறக்கத்துல தெரிஞ்சுது."

தன் கையில் இதுவரை யாரும் முத்தம் கொடுத்ததில்லை என்பதையும் சொல்லலாமா என்று யோசித்தாள், சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் அவரவர் விமானத்துக்குப் போனார்கள்.

குடும்பக் கல்லறையை அடுத்த சாவுக்குத்தான் திறக்கலாம் என்பது பங்கின் விதி. கமிட்டி கூடியது. உயிரோடு இருக்கிறவளின் கைக்கு அடக்கப் பூசை செல்லுமா என்று ஒருவர் கேட்டார். வல்சம்மா சாகும்போது மிச்சத்துக்குப் பாதிப் பூசை வைத்தால் போதுமா என்று இன்னொருவர் கேட்டார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் இரு தரப்புக்கும் பேசினார். வல்சம்மா வாசலில் நின்று, "எனக்கு என் பேரனத் தூக்கணும்," என்று மட்டும் சொன்னாள். கமிட்டி அதோடு சம்மதித்தது. சனிக்கிழமை மத்தியானம் அச்சன் முன்னிலையில் கொத்தனார் பலகையைப் பெயர்த்துப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே கையுறை மடித்துச் சிலுவையோடு ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பூமுடி கொஞ்சம் மேலே தள்ளியிருந்தது. கை நெற்றியில் இருந்தது, நல்ல நிறத்தோடு, நகம் கொஞ்சம் வளர்ந்து. வல்சம்மா கல்லறை விளிம்பில் குப்புறப் படுத்துத் தன் மணிக்கட்டை நீட்டினாள். "வா. டின்சியோட பையனப் பாக்கலாம், வா," என்றாள். கை எழுந்தது. கொத்தனார் சிலுவை போட்டுக்கொண்டார். அது வந்து அவள் மணிக்கட்டை முகர்வதுபோலத் தொட்டது, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தது, பிறகு திரும்பிப் போய் நெற்றியில் படுத்துக்கொண்டது. இன்னொரு தடவை கூப்பிடுங்கள் என்றார் அச்சன். வல்சம்மா கூப்பிடவில்லை. கொஞ்சநேரம் அப்படியே கிடந்தாள். முகம் தெரியவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது.

"அங்க அதுக்கு மோளேன்னு ஒரு பேரு இருக்கு அச்சனே," என்று எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "எங்கிட்ட வந்தா வெறும் கைதானே. மூடிருங்க."

மறுநாள் பூசை முடிந்து பஸ் பிடித்துத் தொடுபுழைக்குப் போனாள். டின்சி கதவைத் திறந்து தாயின் மொட்டை மணிக்கட்டையே பார்த்தாள். உள்ளே போய் எண்ணெயும் துவாலையும் எடுத்துவந்து, பிள்ளையைத் தாயின் முழங்காலில் கிடத்தி, அதன் தலையைத் தன் கையால் தாங்கிக்கொண்டாள். வல்சம்மா தண்ணீர் ஊற்றினாள். அதற்குப் பிறகு மாதம் இருமுறை அப்படித்தான் நடக்கிறது. பையன் இப்போது நடக்கிறான், பாட்டியின் மொட்டை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்தான் படி இறங்குவான்.

மற்றபடி புத்தன்கரியில் மாற்றம் ஒன்றும் இல்லை. அடுத்த மழைக்கு வெளிப்பக்கத்து வரப்பு உடைந்தது, நெல்லுக்கு விலை வரவில்லை, மத்தி மறுபடி ஏறிவிட்டது. காலையில் வல்சம்மா படகுத்துறையில் மீனுக்கு நிற்கும்போது சிலநேரம் பேச்சை நிறுத்திவிட்டு இடது மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தி, கண்ணை மூடிக்கொள்வாள். சசி தராசைக் கவிழ்க்காமல் பிடித்துக்கொண்டு நிற்பான். வரிசையில் இருப்பவர்களும் முணுமுணுப்பதில்லை. கல்லறைக்குள் கை அம்மச்சியைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் அது என்று எல்லோருக்கும் தெரியும்.